தண்ணீர் விழும் இடம்

அத்தியாயம் 11

ஏணி விடிந்ததுமே வந்துவிட்டது. அதுவும் மண்டிக்காரர் வீட்டு ஏணி.

லூர்துமேரி சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சன்னல் வழியாகப் பார்த்தாள். இந்தத் தெருவுக்குக் குடிவந்து ஆறு மாதம். இந்த ஆறு மாதத்தில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தீக்குச்சி வந்ததில்லை. இன்றைக்கு ஏணி வருகிறது, தகரக்காரர் வருகிறார், பாதிச் செலவும் வருகிறதாம்.

ரயில்வேயில் கேங் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்ற அவள் அப்பா சவுரிராயன், கோலியனூர்ச் சேரியை விட்டு வந்து, போன சித்திரையில் விழுப்புரத்தில் இந்த ஓட்டு வீட்டை வாங்கினார். தெரு வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. கதவை மட்டும் சாத்திக்கொண்டது. போன வாரம்தான் நிலக்கடலை வியாபாரம் பார்க்கும் மல்லாட்டை மண்டி வேங்கடேசன் முதன்முதலாக வாசலில் வந்து நின்றார். "ஒங்க கூரத் தண்ணி சந்துல கொட்டி எங்க பக்கம் தெறிக்குது, சவுரி. எறவாணத்துக்குத் தகரம் அடிச்சிடு. பாதிச் செலவு என்னுது" என்றார். சவுரிராயனுக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

தகரம் அடிக்க வேண்டும் என்று முதலில் நச்சரித்தவள் மேரிதான். அதை மறைப்பதற்கில்லை. சென்னையில் படிக்கும்போது விடுதிக் கட்டடத்தில் பார்த்திருக்கிறாள். கூரையின் விளிம்பில் தகரத்தை வளைத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். ஓட்டில் விழுந்த மழையெல்லாம் அதில் ஓடி ஒரே மூலையில் இறங்கும். இங்கேயோ தெற்குச் சுவரின் கால் வருடா வருடம் கரைகிறது. அந்த ஈரத்தில் அம்மாவுக்கு இருமல். ஐப்பசி அடைமழைக்கு இன்னும் எத்தனை நாள்? இருந்தால் இரண்டு நாள்.

தகரக்காரர் பச்சைமுத்து வாசலில் தகடுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு தினுசு இருக்குது மேஸ்திரி. பெட்டி மாதிரி மடிச்சி பலகையில ஆணி அடிக்கலாம். இல்லன்னா அரைவட்டமா வளைச்சி கொக்கியில தொங்க விடலாம். பெட்டின்னா எல தழ போயி அடைச்சிக்கும். அப்புறம் மழைக்காலத்துல ஒங்களுக்குப் பேஜாரு, எனக்கும் பேஜாரு."

"வளைவே போடு. கைமரத்துக்குக் கைமரம் ஒரு கொக்கி" என்றார் சவுரிராயன்.

"சாய்மானம் எந்தப் பக்கம்?" என்று மேரி கேட்டாள்.

"தெருப்பக்கந்தான். பத்தடிக்கு ஒரு விரக்கட எறக்கம் குடுத்தா நேரா சாக்கடைக்குப் போயிடும்." இதில் சவுரிராயனிடம் யாரும் மல்லுக்கு நிற்க முடியாது. தண்டவாளத்தைக் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தே இறக்கம் சொல்லுகிறவர்.

பச்சைமுத்து கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"தெருப்பக்கம் வேணாம்னு மண்டி மொதலாளி சொல்லிட்டாரு. கொல்லப்பக்கம் சாய்க்கச் சொன்னாரு. அங்க ஒரு குழி வெட்டி உட்டுக்கலாமாம்."

"ஏன்?"

"சாக்கட அவங்க வாசல தாண்டித்தானம்மா போவுது."

அடுப்படியிலிருந்து அம்மா சவுரியம்மாளின் குரல் வந்தது.

"மானத்துல இருந்து எறங்கற வரைக்கும் அது மழ. நம்ம ஓட்டுல பட்டதும் சேரித் தண்ணி ஆயிடுதா?"

"நீ சும்மா இரு" என்றார் சவுரிராயன்.

"சும்மாத்தான் இருக்கேன். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்."

மேரி சந்தின் முனைக்குப் போய்ப் பார்த்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே இரண்டரை முழச் சந்து. இவர்களுடைய இரண்டு அறைக்கும் வெளிச்சம் அந்தச் சந்திலிருந்துதான் வந்தது. சந்தின் வாயில், மண்டிக்காரர் பக்கம், நேற்று இல்லாத செங்கல் அடுக்கு ஒன்று இருந்தது. பக்கத்தில் ஒரு வண்டிச் செம்மண்.

"இந்தக் கல்லு எதுக்குண்ணே?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்? நான் தகரம் அடிக்க வந்தவன்."

"அப்பா, நான் வர்ற வரைக்கும் சந்துப் பக்கம் கை வைக்க வேணாம். எனக்கு என்னமோ சரியாப் படல."

"ஒனக்கு எதுதான் சரியாப் பட்டுச்சி? ரயிலுக்கு நேரமாச்சு, ஜல்தி போ."

வைக்கமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அது ரயில் முண்டியம்பாக்கம் தாண்டிய பிறகுதான் மேரிக்கு உறைத்தது.

---

திண்டிவனத்தில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து பாண்டி ரோட்டுச் சைக்கிள் கடைக்குக் கால் மணி நடை. இவர்களுக்கு வீட்டை விற்ற நடராசனின் கடை அது. கிளியனூர் போகிறவர்களுக்கு அவர் வாடகைச் சைக்கிள் விடுகிறார். சாப்பாட்டு மணி அடித்ததும் மேரி டப்பாவைத் திறக்காமலே கிளம்பினாள்.

ஒரே ஒரு கேள்வி அவளை அரித்துக்கொண்டிருந்தது. நடராசன் வீட்டார் நாற்பது வருடம் அந்த வீட்டில் இருந்தவர்கள். வசதி உள்ளவர்கள். சுவர் கரைவதை நாற்பது வருடம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், ஏன் ஒரு தகரம் அடிக்கவில்லை?

நடராசன் ஒரு சக்கரத்தைக் கவிழ்த்துப் போட்டுக் கோணல் எடுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"வா டீச்சர். வீடு ஒழுவுதா?"

"ஒழுவல. தெற்கு எறவாணத்துக்குத் தகரம் அடிக்கறோம். வேங்கடேசன் பாதிச் செலவு தர்றேன்னாரு."

சுழன்ற சக்கரத்தை அவர் கையால் நிறுத்தினார்.

"அடிச்சாச்சா?"

"ஏன் கேக்கறீங்க?"

"அடிச்சாச்சான்னு சொல்லு மொதல்ல."

"காலையில ஏணி வந்துச்சு."

நடராசன் சிரித்தார். சிரிப்பில் சந்தோஷம் இருந்தது. மேரிக்கு அது பிடிக்கவில்லை.

"எம் பங்காளி கெட்டிக்காரன். எங்க தாத்தா இருந்த வரைக்கும் அந்த எறவாணத்துல ஒரு ஆணி அடிக்க உட்டதில்ல. செவுரு கரைஞ்சா கட்டிக்கலாம்டா, சந்து போனா வராதும்பாரு. தெற்கெல்லைக்குக் கல்லு கெடையாது, டீச்சர். ஓட்டுத் தண்ணி சொட்டி சொட்டி தரையில ஒரு பள்ளம் விழுந்திருக்கு பாரு, நீளமா, கோடு மாதிரி? அதான் எல்ல. அது வரைக்கும் நம்ம எடம். தண்ணிய நீயே இழுத்துக் கட்டிட்டா, கோடு ஏது? அவன் மண்ணக் கொட்டி மூடுவான். ஒங்க சன்னலோட ஒட்டிச் செவுரு எழுப்புவான். சந்தே இருந்ததில்லம்பான்."

"இத ஏன் விக்கும்போது சொல்லல?"

"பத்திரத்துல இருக்குதே! ரிஜிஸ்டர் ஆபீசுல நீதான சத்தமாப் படிச்ச? படிச்ச பொண்ணு, ஒனக்கு நான் அர்த்தம் சொல்லணுமா?"

மேரிக்குக் காது சுட்டது. படித்தாள், உண்மைதான். 'தெற்கில் இறவாணத் தண்ணீர் விழும் இடம் வரைக்கும்.' மூன்று முறை படித்தாள். பழைய காலத்து எழுத்தர் பாஷை, மேடு பள்ளம் கல்லு புதையல் என்று எழுதுகிற மாதிரி இதுவும் ஒன்று என்று தாண்டிப் போனாள். கோலியனூர்ச் சேரியில் முதல் பி.ஏ., பி.டி. அவள். அங்கே எந்தக் கூரைத் தண்ணீரும் எந்த எல்லையையும் எழுதியதில்லை. இருக்கிற மனையே அவர்களுடையதில்லை. எல்லை எங்கேயிருந்து தெரியும்?

"அவரு ஒங்க பங்காளி. வீட்ட அவருக்கே வித்திருக்கலாமே?"

"கேட்டான். ஒங்கப்பன் குடுத்ததுக்கு மேலயே கேட்டான்."

"அப்புறம் ஏன் எங்களுக்கு வித்தீங்க?"

நடராசன் கையிலிருந்த மசகைத் துணியில் துடைத்தார். கூச்சமே இல்லாமல் சொன்னார்.

"பாகப்பிரிவினையில அவன் எனக்குப் பண்ணது கொஞ்சநஞ்சமில்ல. காலையில அவன் எழுந்து கதவத் தொறந்தா ஒங்க மூஞ்சியில முழிக்கணும், அப்பத்தான் என் ஆத்திரம் அடங்கும்னு நெனச்சேன். அடங்கிச்சு."

ரோட்டில் ஒரு பஸ் ஆரன் அடித்துக்கொண்டே போனது. அது போகும் வரை மேரி நின்றாள்.

"அப்ப நாங்க வீடு வாங்கல. நீங்க அவரு மேல எறிஞ்ச கல்லு. அவ்வளவுதானே?"

"தப்பா எடுத்துக்காத டீச்சர். நல்ல வீடுதான குடுத்தேன்?"

"எறிஞ்சவரு வந்து சாட்சி சொல்லுங்க. இந்தக் கோடு வரைக்கும் எங்க எடம்னு அவரு எதிர்ல சொல்லுங்க."

"யாரு, நானா? ஒங்களுக்காகவா? நாள பின்ன எங்க ஜனங்க மூஞ்சியில நான் முழிக்க வேணாமா?" என்று சொல்லிவிட்டு நடராசன் மறுபடியும் சக்கரத்தைச் சுழற்றினார்.

மேரி தலைமையாசிரியையிடம் அரை நாள் விடுப்புக் கேட்கவில்லை. எழுதி வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

---

அதே நேரத்தில் விழுப்புரத்தில் சந்துப் பக்கம் முக்கால்வாசித் தகரம் ஏறிவிட்டது.

சவுரிராயன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, கொக்கிக்குக் கொக்கி இறக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு நூலு எறக்கு. ஆங். அங்கியே நிறுத்து." ஓய்வுபெற்ற பிறகு அவர் குரலில் இந்த அதிகாரம் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று! சவுரியம்மாள் சன்னல் கம்பிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேரி வர்ற வரைக்கும் வேணாம்னாளே?"

"அவ வந்தா சண்டதான் வரும். அந்த மனுசன் எறங்கி வந்து பேசறாரு. நாமளும் ஊரோட ஒத்துப் போவ வேணாமா?"

"சாய்மானத்தையாவது தெருப்பக்கம் வையி. கொல்லையில குழி வெட்டினா நம்ம கெணத்துக்குத்தான் கேடு."

அவர் பதில் சொல்லுமுன் சந்துக்கு அந்தப் பக்கத்து வராந்தாவிலிருந்து வேங்கடேசன் கூப்பிட்டார்.

"சவுரி! இப்படி வந்துட்டுப் போப்பா. பாதிச் செலவு தர்றேனில்ல, ஒரு எழுத்து வேணும் பாரு, கணக்குக்கு."

சவுரிராயன் துண்டை இடுப்பில் கட்டப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, தோளிலேயே போட்டுக்கொண்டு நடந்தார்.

சவுரியம்மாள் சன்னலில் கழுத்தை ஒடித்துப் பார்த்தாள். வராந்தாவில் ஒரு ஆள் நாற்காலி கொண்டுவந்து போட்டான். அவள் புருசன் அதன் நுனியில் உட்கார்ந்தார். முப்பத்திரண்டு வருடம் சம்பளப் பட்டியலில் கட்டைவிரல் ரேகை வைத்தவர். மேரி பத்தாவது படிக்கும்போது சிலேட்டில் கையைப் பிடித்து எழுதவைத்துக் கையெழுத்துக் கற்றுக்கொடுத்தாள். படிக்க வராது. ச, வு, ரி என்று தொடங்கிக் கடைசிச் சுழி வரை கையெழுத்து மட்டும் வரும்.

அவர் குனிந்து எழுதுவது அங்கிருந்து தெரிந்தது. நேரம் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டது.

அவர் திரும்பி வருவதற்குள் மண்டி ஆட்கள் இரண்டு பேர் கூடையில் செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து சந்தில் கொட்ட ஆரம்பித்தார்கள்.

---

பேரணி ஸ்டேஷனில் எதிர் வண்டிக்காக ரயில் நாற்பது நிமிடம் நின்றது. கிழக்கே கடல் பக்கமிருந்து மேகம் கறுத்து ஏறிக்கொண்டிருந்தது. மேரி வாழ்க்கையில் முதல் தடவையாக, மழை சீக்கிரம் வரட்டும் என்று நினைத்தாள். ஏணியில் நிற்கிறவர்களை அது இறக்கிவிடும்.

விழுப்புரத்தில் இறங்கியபோது மணி நாலு. வீடு வரைக்கும் நடக்கவில்லை, ஓடினாள். தெருவில் இரண்டு கதவு திறந்து அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

தகரம் வெள்ளையாக மின்னிக்கொண்டு நீளத்துக்கும் தொங்கியது. கீழே சந்தில் புதுச் செம்மண் சமமாக மிதித்து விடப்பட்டிருந்தது. நாற்பது வருடத்துக் கோடு போன இடம் தெரியவில்லை. சந்தின் முனையில் ஒரு கொத்தன் நூல் கட்டிக்கொண்டிருந்தான். அந்த நூல் அவர்கள் சுவரை ஒரு சாணுக்கு நெருங்கி ஓடியது.

"அண்ணே, நூல அவுருங்க" என்றாள் மேரி.

கொத்தன் மண்டிக்காரர் வீட்டுப் பக்கம் பார்த்தான்.

"அப்பா! இன்னா பண்ணிக்கினு இருக்க நீ?"

"பாரும்மா, எறக்கம் எப்படி வந்திருக்குது! ஒரு சொட்டு நிக்காது." சவுரிராயனின் முகம் மலர்ந்திருந்தது. மகளின் முகத்தைப் பார்த்ததும் அது மெல்ல அணைந்தது.

அவள் எல்லாவற்றையும் அங்கேயே நின்று கொட்டினாள். பள்ளம்தான் எல்லை என்பதை. தண்ணீர் விழுந்தால்தான் இடம் என்பதை. நடராசன் ஏன் விற்றார் என்பதை. அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பிறகு நினைத்தாள். அந்தச் சமயத்தில் விடத் தோன்றவில்லை.

"நம்மள யாரும் இங்க குடிவைக்கல அப்பா. ஒருத்தன் நம்மள எடுத்து இன்னொருத்தன் மேல எறிஞ்சிருக்கான். அவன் நம்மள இப்ப மெதிச்சித் தள்ளறான். நீ ஏணி புடிக்கற!"

"தண்ணி விழற எடம் வரைக்கும்னு பத்திரத்துல இருக்குதா?"

"இருக்குது. நான்தான் படிச்சேன். படிச்சிட்டு அர்த்தம் தெரியாம தாண்டிப் போயிட்டேன். தப்பு என்னுது."

சவுரிராயன் வீட்டுக்குள் போனார். வரும்போது கையில் அவருடைய பழைய ரயில்வே சுத்தியல் இருந்தது. ஏணியில் ஏறி முதல் கொக்கியைத் தட்டினார்.

"மேஸ்திரி, என் வேலய நான் பாக்கவே ஒடைக்கறீங்களே!" என்று பச்சைமுத்து கத்தினார்.

"ஒன் கூலி ஒனக்கு உண்டு. வேலையில கொற இல்ல. எடந்தான் தப்பு. நாளைக்கு வடக்குப் பக்கம் அடிக்கலாம், தெருவப் பாத்து எறக்கம் வச்சி."

இரண்டாவது கொக்கி. மூன்றாவது. தகரம் ஒரு முனையில் சரிந்து தொங்கி, கொத்தனுடைய நூலை அறுத்துக்கொண்டு விழுந்தது. அந்தச் சத்தத்தில் தெருவின் கதவுகள் எல்லாம் திறந்தன. இந்த முறை மூடவில்லை.

வேங்கடேசன் வெளியே வந்தார். வெற்றிலையை மென்றுகொண்டே வந்தார்.

"சவுரி, கீழ எறங்கு. தகரம் அடிக்கச் சம்மதம்னு எழுதிக் குடுத்திருக்க. மறந்துடுச்சா?"

ஏணியின் உச்சியில் சவுரிராயன் திரும்பினார்.

"அடிக்கறேன்னு எழுதிக் குடுத்தேன் மொதலாளி. அடிச்சேன். கழட்ட மாட்டேன்னு எழுதலயே?"

தெருவில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். சன்னலுக்குள்ளிருந்து சிரித்த சவுரியம்மாள் வாயைப் பொத்தவில்லை.

கடைசிக் கொக்கி கழன்றபோது மழை வந்தது. தூறல் எல்லாம் கிடையாது, எடுத்தவுடனே கொட்டியது. ஓட்டின் ஒவ்வொரு வரியிலும் தண்ணீர் ஓடி வந்து விளிம்பிலிருந்து நேராகக் கீழே விழுந்தது. புதுச் செம்மண் முதலில் குழைந்தது. பிறகு சொட்டுச் சொட்டாகக் குழி விழுந்தது. குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. கால் மணி நேரத்தில், சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளி, தெருவிலிருந்து கொல்லை வரைக்கும் நீளமாக ஒரு கோடு சிவப்பாக ஓடியது.

"பாத்துக்கங்க" என்றாள் மேரி. தெரு முழுவதற்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "எல்லாரும் பாத்துக்கங்க. தண்ணி எங்க விழுதுன்னு."

வேங்கடேசன் அந்தக் கோட்டைப் பார்த்தார். ஏணியிலிருந்து நனைந்துகொண்டே இறங்குகிறவரைப் பார்த்தார். வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். பிறகு, "மழையில நிக்காத சவுரி, வயசான காலத்துல ஒடம்புக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டு, அவசரமே இல்லாமல் உள்ளே போனார்.

மேரிக்கு அந்த நடை பிடிக்கவில்லை. கத்தியிருக்க வேண்டும். ஆட்களை ஏவியிருக்க வேண்டும். செங்கலைக்கூட மூடச் சொல்லாமல் போகிறாரே?

உள்ளே அம்மா சுக்குக் காப்பி போட்டிருந்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவு. சவுரிராயன் சுவரோரம் உட்கார்ந்து துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அப்பா, சம்மதம்னு எழுதிக் குடுத்தது ஒரு தாளுதானே?"

துண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் இன்னொரு தடவை பிழிந்தார்.

"நாற்காலி போட்டாங்கம்மா. அந்த வீட்டு நாற்காலி. ஒக்காரு சவுரின்னாரு."

"தாளு எத்தன அப்பா?"

"ரெண்டு."

சவுரியம்மாள் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது.

"மொதல்ல ஒண்ணு, வெள்ளத் தாளு. அது தகரத்துக்குன்னாரு. அடியில இன்னொண்ணு இருந்துச்சு. பச்சையா, கெட்டியா. மேல சிங்கம் போட்டிருந்துச்சு. இதுலயும் ஒண்ணு போட்டுடு சவுரின்னாரு."

"அது பத்திரத் தாளுப்பா! அதுல இன்னா எழுதியிருந்துச்சு? படிச்சிக் காட்டினாங்களா?"

சவுரிராயன் மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. வலது கை ஆள்காட்டி விரலால் ஈரத் தரையில் எதையோ எழுதிப் பார்த்தார். ச. வு. ரி.

"கையெழுத்து நல்லா வந்துச்சும்மா" என்றார். "நீ சொல்லிக் குடுத்த மாதிரியே. கடசிச் சுழிகூடத் தப்பல."